அடுப்புக்கு மேலே தொங்கிய ஷீட்டுகள்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் புகை மணம் உண்டு. தலையணைக்கு, என் கல்யாணப் பட்டுக்கு, பிள்ளையின் உச்சந்தலைக்கு, ஃபிரிட்ஜில் வைத்த தயிருக்குக்கூட. இரணியல் பக்கம் வயலும் வாழையுமாக வளர்ந்தவள் நான். சிதறால் மலையடியில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் மூக்கு எரிந்தது. அப்புறம் பழகி, பழகியது பிடித்தும் போயிற்று. மழைநாள் மத்தியானங்களில் அந்தப் புகை அடுக்களையிலிருந்து மெல்ல வந்து கட்டில் பக்கம் நிற்கும். தூங்கு தூங்கு என்று யாரோ தலையைத் தடவுவது மாதிரி இருக்கும். நானும் தூங்கிவிடுவேன்.

புகைக்குக் காரணம் ரப்பர். பாலை உறைய வைத்து உருட்டி எடுத்த ஷீட்டைப் புகையில் போட்டுக் காய வைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் அதற்கென்று தோட்டத்தில் தனியாகப் புகைப்புரை கட்டியிருப்பார்கள். இல்லாதவர்களுக்கு அடுக்களைதான் புகைப்புரை. எங்கள் வீட்டில் விறகடுப்புக்கு மேலே மூங்கில் கட்டி, துணி காயப்போடுவதுபோல் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் மாமி, என் கணவரின் அம்மா. வெள்ளையாக ஏறும் ஷீட் நாளாக ஆகத் தேன் நிறமாகும். அதன் வழியாக அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்கத் தோன்றாது. அழகுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் தொட்டில். பிள்ளை தவழத் தொடங்கும் முன்னால் அந்த ஷீட்டுகளை வீட்டைவிட்டு வெளியே கடத்திவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

"தீ பிடிச்சா என்ன செய்வீங்க மாமி?"

"எனக்க கல்யாணத்துக்கு முன்னேயே இது இஞ்ச தொங்குது மக்கா. இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல்லியே. நீ சும்ம கெட."

கணவர் கல்ஃபில் வேலை. வீடியோ காலில் சொன்னால் சிரிப்பார். "அடுத்த லீவுக்கு வந்து புகைப்புரை கட்டிரலாம்" என்பார். அந்த அடுத்த லீவு வந்து போய்விடும், புகைப்புரை வராது. தன் கம்பெனியில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஒரு கம்பத்தடியில் போய் நின்று தலை எண்ண வேண்டுமாம். அந்த வெயிலில் ஆட்டுக்கூட்டம் மாதிரி நிற்போம் என்று அதையும் கதையாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐப்பசியில் வெயிலையே பார்க்கவில்லை. பிள்ளையின் துணிகள் காயாமல் கிடந்தன. சூடாகக் காயட்டும் என்று மாமி அவற்றையும் மூங்கிலில், ஷீட்டுகளுக்குக் கீழே போட்டுவைத்தார். பேத்தி ஈரத்துணி உடுத்தினால் அவருக்கு மனசு கேட்காது. ஒரு மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டித் தூங்க வைத்துவிட்டு, ஆட்டை அவிழ்த்து வரக் கீழ்த்தோட்டத்துக்குப் போனார். அவர் போன பிறகு பிள்ளை சிணுங்கியது. தூக்கி என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். மழை. புகை. இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

கனவில் என் அம்மா வீடு. கூரை ஒழுகுகிறது. அம்மா ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டே போகிறாள். நான் பள்ளிக்கூடப் பாவாடையோடு பின்னால் நடக்கிறேன். டொப், டொப் என்று சத்தம். விழித்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. அடுக்களை ஓடுதான் ஒழுகுகிறது என்று நினைத்தேன். புகை மணம் என்னை எழுப்பவில்லை, எப்படி எழுப்பும்? அந்த வீட்டில் என்றைக்குத்தான் புகை மணக்கவில்லை? பாதிக் கனவு கண்ணில் இருக்க, ஒரு வாளியை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலுக்குப் போனேன்.

சொட்டியது தண்ணீர் இல்லை. உருகிய ரப்பர். ஒவ்வொரு சொட்டும் எரிந்துகொண்டே விழுந்தது. மேலே ஷீட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பற்றிக்கொண்டிருந்தன. பிள்ளையின் துணி ஏதோ அடுப்பில் விழுந்து தீ மேலே ஏறியிருக்க வேண்டும். ஒரு நொடி நின்று பார்த்தேன். அதுவும் கனவின் மிச்சம் என்றே தோன்றியது. சிலிண்டர் ஞாபகம் வந்ததும்தான் முழுதாக விழித்தேன். பிள்ளையை அள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடி, முற்றத்துக்கு அப்பால் அயனி மரத்தடியில் நின்று சத்தம் போட்டேன்.

அப்போது மாமி கீழ்த்தோட்டத்திலிருந்து ஓடிவருவது தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. அடுக்களைப் பின்வாசலைத்தான் பார்த்து ஓடினார். "மாமி, பிள்ள எனக்க கைல இருக்கு!" மழை இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. அவர் உள்ளே போய்விட்டார். பிள்ளையோடு நான் உள்ளே போக முடியாது. மழையில் பிள்ளையைத் தரையில் போடவும் முடியாது. அந்தக் கொஞ்ச நேரம் நான் செத்துப் பிழைத்தேன்.

முன்வாசல் வழியாக வந்தார். தொட்டில் சேலையை முடிச்சோடு பிய்த்து, சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து சேலையை விரித்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் மடிப்பு மடிப்பாகத் தேடினார். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எரிந்து தோலுரிந்த கையாலேயே என் தோளில் ஒரு அடி வைத்துவிட்டு, ஓவென்று அழுதார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலிண்டரை மூடி வெளியே இழுத்துப் போட்டார்கள். துறட்டியால் ஷீட்டுகளை மாட்டி இழுத்து மழையில் எறிந்தார்கள். அடுக்களை கருகியது. வீடு தப்பியது.

அன்று கணவரிடம் போனில் நான் பேசியதை அச்சில் போட முடியாது. அங்கே அத்தனை பேருக்கும் நிற்க ஒரு கம்பம் இருக்கிறது, இங்கே மூன்று பேருக்கு இல்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த லீவுக்கும் நாங்கள் காத்திருக்கவில்லை. தோட்டத்தின் கடைசியில், வீட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் புகைப்புரை எழும்பியது. அடுக்களையில் இப்போது மூங்கில் இல்லை. எது நடந்தாலும் யாரும் யாரையும் தேடி உள்ளே போகக் கூடாது, அயனி மரத்தடிக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். பேசத் தெரிந்ததும் பிள்ளைக்கு முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தோம்.

வீட்டில் புகை மணம் போய்விட்டது. மழை மத்தியானத்தில் அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வரச் சுணங்கும், பொய் சொல்வானேன்.

போன வாரம் பெருமழை. அடுக்களை ஓடு நிஜமாகவே ஒழுகியது. டொப், டொப். நான் வாளி எடுக்கப் போனேன். மாமி தழும்பேறிய கையை நீட்டி என்னை மறித்தார்.

"பிள்ள எங்கட்டி?"

"ஸ்கூல்ல மாமி. காலைல நீங்கதானே பஸ் ஏத்தி விட்டீங்க."

மாமி அறைக்குள் போய், இப்போது தொட்டில் இல்லாத அந்த இடத்தில் கையை வைத்துத் துழாவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு வாளியை அவரே வாங்கி ஒழுக்குக்கு அடியில் வைத்தார்.