குள்ளம்மாளின் செவலைச் சேவல்

குள்ளம்மாளிடம் ஏழு உருப்படிகள் இருந்தன. ஆறு பெட்டை, ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை என்ற குட்டை இனம். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆள் உயர வேலியைக் காக்கை மாதிரி தாண்டிப் போய்விடும்.

பெட்டைகளை அவள் விற்பாள். செவலைச் சேவலுக்கு மட்டும் விலை கிடையாது. அவளுடைய ஒரே மகன் சென்றாயன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து திரும்பிய அன்று, அவன் உயிரோடு வர வேண்டும் என்று அதை முனியப்பனின் தைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்டாள். அப்போது அது குஞ்சு. நேர்ந்துவிட்ட சேவல் மேல் அதுவரை கத்தி படக் கூடாது. நகம் ஒடிந்திருந்தாலும் பூசாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

இண்டூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் போன பிறகு, களை எடுத்தும் கடலை பறித்தும் மகனை வளர்த்தாள். அவனுக்கு அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என் வேலை. உள்ளே தமிழ், மேலே ஆங்கிலத்தில் 56 ஏ.பி.ஓ. என்ற விலாசம். அது எந்த ஊர் என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். எனக்கும் தெரியாது.

எழுபத்தொன்று கார்த்திகையில், வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெரியண்ணன் மிளகாய் நாற்றுவிட்டிருந்தார். கோழிகள் பாத்தியைக் கிளறின.

"ஏம்மா, உன் கோழிங்களுக்கு என் பாத்தியப் பட்டா போட்டுக் குடுத்துட்டனா?"

"வெரட்டிக்கிட்டேதாங்கண்ணா இருக்கறேன்."

"நீ வெரட்டறது நாத்து மேலயே வெரட்டற. இன்னொரு தடவ பாத்தன்னா குருணையில மருந்து கலந்து வச்சிருவேன். அப்புறம் முனியப்பன் கோழி, மாரியாத்தா கோழின்னு வந்து அழக் கூடாது."

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் கத்தரிக்கோல் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். கொடுத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

கோழிகளைக் கவிழ்த்து மூடியிருந்த பஞ்சாரக் கூடையைத் துளி தூக்கி, ஒவ்வொன்றாக இழுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டு இறக்கையை விரித்தாள்.

"ஒரு பக்கம் மட்டுந்தான் கண்ணு வெட்டணும். ரெண்டு பக்கமும் வெட்டுனா சமமா இருக்கும், எப்படியாவது எம்பிரும். ஒரு பக்கம்னா சாஞ்சு வுழுந்திரும்."

நாலு பெட்டை முடிந்தபோது எங்கள் வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கியது. நேற்று மாலை எதிரி விமானங்கள் குண்டு போட்டன, போர் மூண்டுவிட்டது என்றார்கள். நான் வேலியோரம் போய் நின்று கேட்டேன். குள்ளம்மாள் முகம் ரேடியோ பக்கம் திரும்பியிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. கூடைக்குள் போனது, இழுத்தது, விரித்தது, வெட்டியது.

செய்தி முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது கூடை காலி. அவள் காலடியில் சாம்பல் இறகுகளுக்கு மேல் பத்து செவலை இறகுகள் கிடந்தன. சேவல் அவள் மடியிலேயே இருந்தது.

அவள் அழவில்லை. அந்த இறகுகளைப் பொறுக்கி, வெட்டுவாயில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"திருவிழாவுக்குள்ள வளந்துரும் பெரிம்மா," என்றேன்.

"வெட்டுனது வளராது. அடிக்கட்ட தானா உதுந்தாத்தான் புதுசு வரும். அதுக்கு வருஷம் ஆவும்." வெட்டுப்பட்ட இறக்கையை மறுபடி விரித்தாள். "புடுங்குனா வரும்."

என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பத்துக் கட்டைகளையும் வேரோடு பிடுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் சேவல் கத்தியது. மூன்றாவதிலிருந்து குள்ளம்மாள் வாய்க்குள்ளேயே மகன் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். ரத்தத்தில் மஞ்சள் அப்பினாள்.

திருவிழா தை மூன்றாம் செவ்வாய். அதற்கு எட்டு வாரம் இருந்தது.

முளைத்து வரும் இறகில் ரத்தம் ஓடும். மற்ற கோழிகள் கொத்திவிடும். அதனால் சேவலை வீட்டுக்குள் தனிக் கூடையில் வைத்தாள். கம்பு, பொட்டுக்கடலை, சில நாள் தன் பங்குக் களியும் அதற்குத்தான். வேலைக்குப் போகும்போது இடுப்புக் கூடையில் எடுத்துப் போனாள். நாளுக்குப் பத்துத் தடவை இறக்கையை விரித்து விரலால் அளந்தாள்.

இரண்டு வாரத்தில் போர் முடிந்தது. பொம்மிடியில் ஒரு பட்டாளத்துக்காரன் வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். இவளுக்கு வரவில்லை. நான் எழுதிப் போட்ட மூன்றுக்கும் பதில் இல்லை.

"விலாசத்த சரியாத்தான எழுதுன கண்ணு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

திருவிழாவன்று பூசாரி கருப்பண்ணன் சேவலை வாங்கி நகம் பார்த்தார், கொண்டை பார்த்தார், இரண்டு இறக்கையையும் விரித்தார். பத்தும் வளர்ந்திருந்தன. குள்ளம்மாள் மூச்சுவிட்டதை நான் கேட்டேன்.

பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். சேவல் உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அது உதறவில்லை. எட்டு வாரமாக மனிதக் கையிலேயே கிடந்த சேவல். தொடுவதற்கும் தடவுவதற்கும் பழகிப்போயிருந்தது. கண்ணை மூடி நின்றது. இரண்டாம் சொம்பு. மூன்றாம் சொம்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள்.

"என்ன குறை வச்ச ஆத்தா?" என்றார் பூசாரி.

குள்ளம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சாமியைப் பார்த்துப் பேசினாள்.

"வெட்டுனது நானு. புடுங்குனதும் நானு. அவன் என்ன பண்ணான்?"

பூசாரி கொஞ்சம் இறங்கிய குரலில், "அடுத்த வருஷம் வேற சேவலு கொண்டாந்துக்கலாம்," என்றார்.

"அதுவரைக்கும் நான் யாரக் கேக்கறதுங்க?"

சொம்பை அவளே வாங்கினாள். கோயிலடி ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். கூட்டம் விலகி வேறு பக்கம் போனது. நான் கையைப் பிடித்தும் நிறுத்தவில்லை. கடைசியில் சேவல் இறகெல்லாம் ஒட்டி, எலும்பாய்த் தெரிந்து, நடுங்கத் தொடங்கியது.

"பூசாரி, இங்க பாருங்க, ஒதறுது பாருங்க."

அவர் வந்து பார்த்தார். "குளுருது ஆத்தா அதுக்கு."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். சேவலை முந்தானையில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தாள்.

அதற்குப் பிறகு அதைக் கூடையில் போடவில்லை. மாசிக் கடைசியில் ஒரு காலை அது வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. நாற்றெல்லாம் பிடுங்கி நட்டாயிற்று, பாத்தி வெறுமனே கிடந்தது. பெரியண்ணனே அதைப் பிடித்து, கால் இரண்டையும் சேர்த்துத் தூக்காமல், கையணையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மேஞ்சா மேயட்டும்மா, நான் ஒண்ணும் சொல்லல," என்று இறக்கிவிட்டார்.

குள்ளம்மாள் சேவலைப் பார்க்கவில்லை.

"அண்ணா, நீங்க ரோட்டுப் பக்கமாத்தான வரீங்க. தபால்காரரு தாண்டிட்டாருங்களா?"

"தாண்டிட்டாரும்மா," என்றார் பெரியண்ணன்.