படகின் அடியில் ஒட்டிய மீன்

பழவேற்காட்டில் நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, காலாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை அது. கிழமையில் சந்தேகமில்லை.

முந்தின நாள் வலையில் வந்த சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு சாண் மீனும் வந்திருந்தது. தலைமேல் செருப்பின் அடிப்பக்கம்போல வரிகள். மாமா அதை உயிரோடு பக்கெட்டில் விட்டு, என் கையில் ஒட்டவைத்து வேடிக்கை காட்டினார்.

"இது படகு அடில ஒட்டிக்கினா போட்டு நவுராது பாப்பா. எஞ்சினு சும்மா கத்தும், அவ்ளோதான்."

மறுநாள் பொன்னேரிக்குப் போய்த் துணி எடுக்கலாம் என்று சொல்லியிருந்த நைனா, மீன்பாடு நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டதும் கடலுக்குப் போவதாக மாற்றிச் சொல்லிவிட்டார். பொழுது சாயும்முன் நான் ஏரியில் இறங்கி, கரையோரம் மிதந்த எங்கள் படகின் அடியில், இடப்பக்கம், அந்த மீனை ஒட்டிவிட்டேன்.

காலையில் படகைக் காணோம். மீன் ஏமாற்றிவிட்டதென்று கோபம் வந்தது. ஒன்பது மணிக்கு மற்றப் படகுகள் வந்தன, எங்களுடையது வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. நைனாவின் செல்போன் அணைந்திருந்தது. மாமாவும் அதே படகில்தான் போயிருந்தார். புருஷனையும் தம்பியையும் எதிர்பார்த்து அம்மா, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் போன மாதம் கவிழ்ந்த படகைப் பற்றிப் பேச்செடுத்து, அவளைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மீன் இப்போதுதான் தன் வேலையைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அடிக்கவில்லை. குனிந்து, "உசுரோட இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"கெட்டியா ஒட்டிக்கிச்சா? எந்தப் பக்கம்?"

இதையே நான்கு முறை கேட்டாள்.

அந்த மீனுக்கு ஆங்கிலத்தில் ரெமோரா என்று பெயர். லத்தீன் சொல், தாமதம் என்று பொருள். இந்தச் சிறு மீன் போர்க்கப்பலையே நடுக்கடலில் நிறுத்திவிடும் என்று ரோமானியர்கள் நம்பினார்களாம். பின்னாளில் அதைப் படித்தபோது, அந்தக் கப்பல்களுக்காகக் கரையில் காத்து நின்றவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றே முக்காலுக்கு வேறொரு படகு எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் விசிறியில் அறுந்த வலை ஒன்று சுற்றிக்கொண்டதாம். அம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். படகின் இடப்பக்க அடியைக் கையால் துழாவினாள்.

"இன்னாக்கா தேடுற?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல, போடா."

சாட்சி தேடுகிறாள், கிடைத்தால் எனக்கு அடிதான் என்று ஓடிப்போய் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் கையில் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் படகின் அந்த இடத்தை, மாட்டைத் தட்டுவதுபோல இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள். என்னை அடிக்க வேண்டிய கை ஏன் அதைத் தட்டிக்கொடுக்கிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.