யன்னலைப் பார்த்த ஸ்பீக்கர்கள்

அம்மா சவூதிக்குப் போனதே ஹோம் தியேட்டர் வாங்கத்தான் என்று நான் நம்பியிருந்தேன். போனில் நான் அழும்போதெல்லாம், "ஹோம் தியேட்டரோட வந்திடுவன் புள்ள" என்று சொல்லித்தான் அவ என்னைச் சமாளித்தா. அதனால் அம்மாவோடு அந்தப் பெரிய பெட்டியும் தன்னாமுனையில் எங்கள் வாசலில் இறங்கிய அன்று என் கணக்குத் தெளிவாக இருந்தது. அது வேலை செய்தால் அம்மா வீட்டில் நிற்பா. செய்யாவிட்டால் வேறொன்று வாங்கத் திரும்பவும் போயிடுவா.

அந்தப் பயத்தோடு அப்பா வயர்களைச் செருகி அதைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. வாவியில் வலை வீசுகிற அப்பாவுக்குத் தெரிந்த ஸ்பீக்கரெல்லாம் கோயில் திருவிழாவில் கட்டுகிறதுதான். சின்ன ஸ்பீக்கர்கள் அஞ்சையும் யன்னல்களில் ஏற்றி, ரோட்டுப் பக்கம் முகம் திருப்பிக் கட்டினார். ஊர் கேட்க வேண்டாமா! டிவிக்குப் போகிற மஞ்சள் வயரை, பெட்டிக்குப் பின்னால் முதலில் கண்ட பச்சை ஓட்டையில் செருகி, சுவிட்சைப் போட்டார்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. பாட்டு ரோட்டுக்குப் போனது, வீட்டுக்குள் முணுமுணுப்புத்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கா அங்க கிடந்து மாரடிச்சவள்?" என்று கேட்டா. பிள்ளையாரே, கலர் வரட்டும், கலர் வரட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்பா பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"உடைச்சுப் போடாதீங்கப்பா!" கத்தி அழுதே விட்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தா. சவூதியில் வேலை செய்த வீட்டில் இப்படி ஒன்றைத் தூசு தட்டத் தட்டக் கழற்றிப் பூட்டியவ. மஞ்சள் வயரை மஞ்சள் ஓட்டைக்கு மாற்றினா, கலர் வந்தது. ஸ்பீக்கர்களை உள்ளே எடுத்து, டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, எங்கள் கதிரைகளுக்குப் பின்னால் இரண்டு என்று வைத்தா. படத்தில் மழை பெய்தது. சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்பா கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு வந்த சந்தோசம்! இனி அம்மா எங்கேயும் போகத் தேவையில்லை.

ஆனால் அவ இருந்து படம் பார்க்கவில்லை. சுவிட்சை நிறுத்தி, எல்லா வயரையும் கழற்றி என் மடியில் போட்டா.

"இப்ப நீ பூட்டு புள்ள."

"நீங்கதான் இருக்கிறீங்களேம்மா?"

"ஓம், இப்ப இருக்கிறன். பூட்டிக் காட்டு."

பிழை விட்டால் கழற்றிவிட்டுத் திரும்பவும் பூட்டச் சொன்னா. பிறகு அப்பாவையும். எதற்கும் எதிர்த்துப் பேசுகிற மனிசன், அன்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்தபடி பூட்டினார். கடைசியில் நான் ஒருத்தியாகப் பிழையில்லாமல் பூட்டி முடித்தபோது, அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதா. நான் அவ்வளவு கெட்டிக்காரி என்றுதான் அம்மா அழுகிறா என்று பெரியம்மா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.