அம்மா சொன்ன பாம்பு

நான் சிறுமியாக இருந்தபோது ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது அப்பா, சித்தப்பா, அம்மா, அக்கா, நான். இன்று குளியலறையில் பாம்பைப் பார்த்த மருமகள் "விரியன் மாதிரி இருக்கு" என்றதும் என் மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னை அங்கே கொண்டுபோய்விட்டது.

கடலைக்கொடிப் போருக்கு அடியில் கறுப்பாய், வெள்ளை வளையங்களோடு ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. குச்சியால் தொட்டும் சீறவில்லை.

"கட்டுவிரியன். நிலக்கோட்டைப் பூக்காட்டுல பாத்திருக்கேன், அடிங்க" என்றாள் அம்மா.

"மதினிக்குக் கயித்தப் பாத்தாலும் விரியன்தான்" என்றார் சித்தப்பா.

அப்பாவும் சிரித்தார். "விரியன் இம்புட்டுச் சாதுவாவா கெடக்கும்? வெள்ளிக்கிழமை அதுவுமா பாம்ப அடிக்கக் கூடாது." கூடையில் அள்ளி வேலிக்கு அப்பால் விட்டார்கள்.

மறுநாள் விடியலில் அக்காவால் இமையைத் திறக்க முடியவில்லை. அவள் பாய்க்கு அடியில் அதே வளையங்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

விதி என்றார் அப்பா. அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா பார்த்த வேலையெல்லாம் என் தலையில் விழ, பள்ளிக்கூடம் நின்றது. இப்போதும் பாயை நாலு தடவை உதறாமல் நான் படுப்பதில்லை. அக்கா போனபின் எந்தப் பாம்பு வந்தாலும் அம்மா வாயே திறக்கவில்லை.

"சும்மா தண்ணிப்பாம்புதாம்மா" என்றான் மகன்.

"நீ சொல்லு தாயி, என்ன பாம்பு?" என்று மருமகளைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் அத்தை" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.