வீட்டில் வேறு யாருக்காவது?

பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கு மருத்துவ ஆய்வுக்காக ஒரு பெண் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வயதானவர்களுக்குக் குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் ஆய்வாம். அண்ணனை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தாள். வயது, படிப்பு, பார்த்த வேலை, கறி எத்தனை நாளைக்கு ஒருமுறை, பீடி உண்டா. மனைவி இறந்தபின் தங்கையான என்னோடு வந்து தங்கியிருப்பவர் அவர். என்னிடம் சிடுசிடுக்கிற மனிதர், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல் பவ்யமாகப் பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா சார்?"

"யாருக்கும் இல்லம்மா. எங்க நைனா மூலத்துல போனாரு, அவ்ளோதான்."

சிரிப்பு நின்றுவிட்டது.

நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் கக்கூஸுக்குள் போனால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார். குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடையிலும் ஊற்றினார், அம்மா திட்டத் திட்ட. ஒருநாள் அவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். ஓரத்தில் கழுவப்படாமல் ரத்தம் இருந்தது. உடம்புச் சூடு என்றார்கள். மோரும் வெந்தயமும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எலும்பும் தோலுமாக இருந்தார். டாக்டர் சொன்ன நோயின் பெயரை அம்மா வாயால் சொல்லவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் மூலம் என்றாள். சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அதுவே உண்மையாகிவிட்டது.

சில மாதங்களாக அந்தத் தண்ணீர்ச் சத்தம் இந்த வீட்டில் கேட்கிறது. ஃப்ளஷ் இருந்தும் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறார். சமையலறையில் நின்று கேட்கும்போது உள்ளே இருப்பது அப்பாதான் என்று தோன்றும். என்ன ஆச்சு என்று கேட்டால் எரிந்து விழுவார்.

"மூலம் இல்லம்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "எங்க நைனாவுக்கு இதே நோவுதான். இவருக்கும் ரத்தம் போவுது போல."

அண்ணன் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அந்தப் பெண் மலம் எடுத்துத் தரவேண்டிய சிறிய டப்பாவை மேசைமேல் வைத்து, எப்படி எடுப்பது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நைனாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்றார்.

"தெரிஞ்சிருக்கும். அப்புறம் ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?" என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

அண்ணன் டப்பாவைக் கையில் எடுத்தார்.

"பயம்தான்," என்றார். டப்பாவின் மூடியைத் திருகித் திறந்து மூடினார். பிறகு, "ரொம்ப பயமா கீதும்மா," என்றார்.