துண்டுக்கடியில் நாலு வருஷம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆவணி. மாதத்தைத் தயங்காமல் எழுதுகிறேன். மலையிலிருந்து முதல் பறிப்பு ஏலக்காய் போடிக்கு இறங்கத் தொடங்கியிருந்தது. அங்கே ஒரு மண்டியில் காய் தரம் பிரிக்க ஆள் தேடினார்கள். ஓடைப்பட்டியிலிருந்து நான் போயிருந்தேன்.

வேலை கிடைக்காவிட்டால் மறுவாரமே மலைத்தோட்டத்துக்கு ஏற வேண்டும். முந்தைய வருஷம் அப்படி ஏறிய என் அண்ணன் மலைக்காய்ச்சலில் செத்துப்போனார். வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அவருடைய கம்பளியை அம்மா வெயிலில் உலர்த்தி, எனக்காக மடித்து வைத்திருந்தாள்.

எனக்கு முன்னால் உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் நின்றார். முதலாளி கேட்டது ஒரே கேள்விதான்.

“தொழிலப் படிச்சுக்கிட்டு, அப்புறம் என்னலே செய்யப் போறே?”

“சாகுற மட்டும் மொதலாளி கடையிலதான்.”

“சாகுற மட்டுமா? போன தடவை இருந்தவனும் இதத்தான் சொன்னான். இப்ப எதிர்த்தாப்புல போர்டு மாட்டியிருக்கான், போய்ப் பாரு.”

மண்டியே சிரித்தது. அவர் வெளியேறினார். தனிக்கடை வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். அதைச் சொன்னாலும் போச்சு, மறைத்தாலும் போச்சு.

அதே கேள்வி என்னிடமும் வந்தது. நாக்கு எழவில்லை.

“என்னலே, வாயில காயப் போட்டுக்கிட்டியா?”

முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தம் வலக்கை மேல் போட்டு நீட்டினார்.

“வாயால சொல்ல வேணாம். எத்தன வருசம் இருப்பே? விரல்ல சொல்லு.”

மண்டியில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கடியில் எதிராளியின் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ, அதுதான் நம் எண். சம்மதமானால் கையை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் உருவிக்கொள்ள வேண்டும். பேரம் படிந்ததும் துண்டை உதறித் தோளில் போடுவார்கள்.

பக்கத்தில் இருந்த கணக்கப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: “பாத்து, தம்பி. துண்டுக்குள்ள சொன்னத இங்கன யாரும் மாத்த மாட்டாக.”

மூன்று விரலைப் பிடித்தேன். முதலாளி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் நாலுக்கு வந்தேன். அவர் மறுபடி ஐந்தைப் பிடித்தார், இந்தத் தடவை இறுக்கமாக.

அழுத்தினால் வேலை என்னுடையது. ஆனால் நாலு வருஷத்தில் என் தம்பி மலைக்கு ஏறும் வயதுக்கு வந்துவிடுவான். அதற்குள் அவனை உட்கார வைக்க எனக்கென்று ஒரு கடை இருந்தாக வேண்டும். கையை உருவிக்கொண்டேன்.

கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினேன். தெருமுக்கு வெற்றிலைக்கடை வரை போயிருப்பேன்; நினைப்பெல்லாம் அந்தக் கம்பளிதான்.

“ஏலே ஓடப்பட்டி! நாலுதான். உள்ள வா!”

திரும்பினேன். முதலாளி வாசலில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

பேட்டிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்கிறார்கள். உங்கள் எண் எது என்பதை உள்ளே போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு மேல் கேட்டால் கையை எடுக்கத் துணியுங்கள் என்பேன்.

நாலாம் ஆவணி வந்தபோது யுத்தம் உச்சத்தில் இருந்தது. வேலைக்கு ஆள் கிடைக்காத நேரம். விடைபெறப் போனேன். முதலாளி துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். என் ஒரு விரலை மட்டும் பிடித்தார். இன்னும் ஒரே ஒரு வருஷம்.

கையை உருவ எனக்கு நேரம் பிடித்தது. உருவிக்கொண்டு இறங்கினேன். தெருவில் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வெற்றிலைக்கடை முக்கில் திரும்பிப் பார்த்தேன்.

முதலாளி வாசலில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.