கல்லில் எழுந்த காமன்

கண்டி டவுனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் போகிற சந்தில் பாயிஸாவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே இருபத்தாறு வருடமாகக் கொத்து ரொட்டி போடுகிறவர் வீரய்யா. ரொட்டியையும் முட்டையையும் நறுக்கிய லீக்ஸ் தாளையும் சூடான கல்லில் போட்டு, இரண்டு கையிலும் தகடு பிடித்து அவர் அடிக்க ஆரம்பித்தால், குண்டசாலை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வரிசையை விட்டுவிட்டு வருவார்கள். சத்தமில்லாமல் செய்வது கொத்தே இல்லை. யார் வந்து எப்படிச் சொன்னாலும் அது அப்படித்தான்.

அந்த அடி அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமோ திருவிழாவோ சாவோ, தோளில் தப்பு மேளத்தை மாட்டிக்கொண்டு முன்னால் நின்று அடித்தவர் அவர். வீரய்யா தப்பைத் தொட்டதே இல்லை. கேட்டுக் கேட்டே வளர்ந்த கை, கல்லைக் கண்டதும் தானாகப் பேசியது.

கொரோனா வருவதற்கு முந்திய வருடம், ஊரெல்லாம் இளம் பிள்ளைகள் சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்த நேரம், அந்த அப்பா இறந்துபோனார். கருமாதி முடித்துத் திரும்பிய வீரய்யா அன்று மாலையே கல்லுக்கு முன் நின்றார். அவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கடை வாசலில் அச்சாறு விற்கிற வடிவம்மாவும் அதே தோட்டத்துக்காரிதான். கையில் கரண்டியோடு உள்ளே வந்தாள்.

“நிறுத்துடா. யாரு வீட்டுப் பொணம் போகுது?”

“என்னக்கா?”

“சாவு அடி அடிக்கிற. சோத்துக்கு முன்னால உக்காந்திருக்கிறவன் என்ன செய்வான்?”

அப்போதுதான் வீரய்யாவுக்கே தெரிந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது கேட்ட அடி, அவர் கையில் ஏறிக்கொண்டு பஸ்ஸில் கண்டிவரை வந்திருக்கிறது.

மறுநாளும் அதேதான் வந்தது. அதற்கு மறுநாள் அவர் அடிக்கவே இல்லை. புண்ணுக்கு மருந்து தடவுகிற மாதிரி தகட்டைத் தேய்த்துத் தேய்த்து ரொட்டியைப் பிய்த்தார். கொத்து கூழானது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸிலேயே ஏறிப் போனார்கள்.

பாயிஸா ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள். பிறகு பால் விடாத பிளேன்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“வீரய்யாண்ணே, மனசுல ஒண்டும் வெச்சுக்காதீங்க. சனிக்கிழமை எதிர்ச் சுவருல படம் வரையிற வேல முடியுது. புள்ளைகள் பாட்டு வெக்கிறாங்க, சாப்பாடு நம்மட கடை. அண்டைக்கும் கை வரல்லண்டா பல்லேகலையில இருந்து ஒராளக் கூப்பிடுவன். நீங்க உள்ளுக்கு மாவு பெசைங்க.”

மாவு பிசைவது ஒன்றும் கேவலமில்லை. ஆனாலும் கல்லை விட்டு இறக்கிவிட்டால் அப்புறம் வீரய்யா யார்?

எதிர்ச்சுவரில் படம் வரைந்தவள் பாயிஸாவின் தம்பி மகள் றம்ஸியா. சந்திலுள்ள எல்லாரும் அதில் இருந்தார்கள். தன் மூக்கு இவ்வளவு பெரிதில்லை என்று வடிவம்மா தினமும் அவளோடு சண்டை. வீரய்யாவுக்கு முகம், இடுப்பில் கட்டிய சாரம், கல் எல்லாம் வந்துவிட்டன. கை மட்டும் இல்லை.

“நீங்க அடிக்கக்குள்ள பாத்துத்தான் வரையணும், மாமா.”

“கையில்லாமலே இருக்கட்டும் புள்ள. இப்ப அதுதான் நெசம்.”

சனிக்கிழமை வெயில் இறங்கும் முன்பே சந்து நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கிட்டார் வாசித்தார்கள், ரபான் மேளம் தட்டினார்கள். பாட்டு நின்றதும் எல்லா முகமும் கல் பக்கம் திரும்பியது. பல்லேகலை ஆள் கை கழுவிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

வீரய்யா தகட்டை எடுத்தார். மெதுவான, கனத்த அடி விழுந்தது. அதே அடி. அன்றைக்கு எழுந்துபோன மூவரில் ஒருவர் இன்றும் வந்திருந்தார். அவர் எழுந்து குடையைக் கையில் எடுத்தார். வீரய்யாவின் தகடு அந்தரத்தில் நின்றது.

“நிப்பாட்டாத,” என்றாள் வடிவம்மா. “மாசி மாசம் காமன எரிக்கையில உங்கப்பா இதத்தானே அடிப்பாரு? அதோட தப்பக் கீழ வெச்சிட்டா போனாரு? எழுப்புடா காமன.”

தோட்டத்துக் காமன் கூத்தில் சிவன் காமனை எரிப்பார். ரதி அழுது மன்றாடி அவனை எழுப்புவாள். அவன் எழும்போது அடி மாறும். சாவு அடியிலிருந்து அப்பா அந்த மாற்றத்தைப் பிடித்த விதம் வீரய்யாவின் தோளுக்கு ஞாபகம் வந்தது.

தகடு இறங்கியது. சாவு அடியை ஒரு சுற்று முழுதாக, குறை வைக்காமல் அடித்தார். அடுத்த சுற்றில் இடது கை கொஞ்சம் முந்தியது. வலது கை அதைத் துரத்தியது. ரொட்டி துள்ளியது, லீக்ஸ் பறந்தது, ரபான்காரர்கள் பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். வடிவம்மா மிளகாய்த்தூள் டப்பாவைக் குலுக்கினாள். குடையை எடுத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, “எனக்கு ஒன்னு, முட்டை கூடப் போட்டு,” என்றார். பல்லேகலை ஆள் வந்ததற்கு இரண்டு பிளேட் சாப்பிட்டுப் போனார்.

றம்ஸியா அன்றைக்கே கைகளை வரைந்தாள். அந்த வேகத்தில் கை எங்கே இருக்கிறதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. நாலு கை வரைந்துவிட்டாள்.

“சாமி மாதிரி நிக்கிறான். ரெண்ட அழி,” என்றாள் வடிவம்மா.

வீரய்யா கல்லைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “இருக்கட்டும்க்கா, ரெண்டு எங்கப்பாவோடது. சாரத்த மட்டும் மாத்தச் சொல்லு. நான் எப்ப பச்சை கட்டினேன்?”